ஆளை விடாத நாய்

பூமாரிக்குக் காது போய்விட்டது என்று எங்கள் கல்லிச் சந்துக்குத் தெரிந்தது, தோல் ஏற்றிய கைவண்டி அவளை இடித்துத் தள்ளிய அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்றே பேசிக்கொண்டிருந்தோம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒன்று கேட்டால் வேறொன்றுக்குப் பதில் சொல்லுவாள். மாட்டுங்காவில் நாலு பில்டிங் வாசலில் இட்லி விற்கிறவளுக்கு இவ்வளவு ஏத்தமா என்று பெண்கள் முகவாயை இடித்துக்கொண்டார்கள்.

அன்று நல்ல மழை. தாராவியில் மழை என்றால் வானத்திலிருந்து கொஞ்சமும் சாக்கடையிலிருந்து மிச்சமும் வரும். உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுகளோடு பின்னால் வந்த வண்டிக்காரன் "பாஜு, பாஜு" என்று வழிவிடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினான். கோழிகூட ஒதுங்கியது. தலையில் இட்லிப் பானையோடு போய்க்கொண்டிருந்த பூமாரி ஒதுங்கவில்லை. பானை உருண்டு சாக்கடையில் இறங்கியது. அவள் முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து உட்கார்ந்து, திட்டிக்கொண்டிருந்த வண்டிக்காரனின் வாயையே பார்த்தாள். அவன் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

நான் எதிர்க் கோலியில், ஒற்றை அறை வீட்டில், இருந்தேன். பை தைக்கிற மெஷினை வெளிச்சத்துக்காக வாசலோரம் போட்டிருந்ததால் அவர்கள் வீட்டில் நடப்பது எதுவும் எனக்குத் தப்பாது. அவளோடு கத்தித்தான் பேச வேண்டும் என்று ஆன பிறகு கல்லிக்கே எதுவும் தப்பவில்லை.

அவள் புருஷன் வானமாமலை, ஹமீது பாயின் கிடங்கில் தோல் தரம் பிரிக்கிறவர். ஆட்டுத்தோலைக் கையில் வாங்கி, ஒரு தடவு தடவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று குவியலாக வீசுவார். அந்தக் கை தப்பாது என்று பெயர். எல்லாவற்றையும் அப்படியே மூன்றாகப் பிரித்துப் பழகிவிட்ட மனுஷர். காது கேட்காத பெண்டாட்டியை எந்தக் குவியலில் வீசுவது என்பதிலும் அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஊருக்குப் போயிரு" என்றார். "களக்காட்டுல ஒன் தம்பி வீடு இருக்கு. அங்கன ஒரு மூலையில கெட."

"மூலையில கெடக்கதுக்கு நான் என்ன கிழிஞ்ச பாயா?"

"காது கேக்காதவ பம்பாயில இருக்க முடியாதுட்டி. ஸ்டவ்வு சீறினா ஒனக்குத் தெரியுமா? கதவைத் தட்டினாத் தெரியுமா? தண்ணி வந்துட்டுன்னு ஊரே கத்துது, நீ பாட்டுக்கு உளுந்து களைஞ்சிக்கிட்டு இருக்க. அடுத்த வீட்டு மதீனா மைனி இரக்கப்பட்டு ஊத்துத தண்ணியில கஞ்சி குடிக்கோம். இன்னிக்குக் கைவண்டி. நாளைக்கு லாரி வந்தா?"

"லாரி வந்தா நீங்க வேற கட்டிக்கிடுங்க."

"வெளையாடுதியா?"

"வெளையாடலை. ஊருல எனக்கு என்ன இருக்கு? தம்பி பொண்டாட்டி வடிச்சுக் கொட்டுதத வாங்கித் திங்கணும். இங்க எனக்கு வேவாரம் இருக்கு. எனக்குன்னு நாலு பில்டிங்கு இருக்கு. நான் போவ மாட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வாடிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாரில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். அதைப் போட்டால் தாராவி முழுக்கத் தகரம் அடிக்கிற சத்தமாகக் கேட்கிறது என்று ஒரே வாரத்தில் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். மான்குர்த்தில் ஒருத்தி, சுனாபட்டியில் ஒருத்தி என்று கட்டிக் கொடுத்த மகள்கள் இரண்டு பேரும் வந்து அப்பா சொல்வதே சரி என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு தூக்குச் சாம்பார் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாயைப் பற்றி அவள் முதலில் சொன்னது பக்கத்துக் கோலி மதீனா பீவியிடம். ஹமீது பாயின் வீட்டம்மா. அவர் பூமாரியிடம் பேசும்போது மட்டும் துப்பட்டியை முகத்திலிருந்து நன்றாக விலக்கிக்கொள்வார், உதடு தெரிய வேண்டும் என்று.

"மாட்டுங்காவுல ரெண்டாவது பில்டிங்குல ஒரு பார்சிக் கெழவி இருக்கா மைனி. அவளுக்கும் என்னை மாதிரிதான், காது அவுட்டு. ஒரு குட்டி நாயி வச்சிருக்கா, முயலு கணக்கா. பெல்லு அடிச்சா அது கதவுக்கு ஓடலை. கெழவிகிட்ட ஓடுது. அவ முழங்காலைத் தொட்டுட்டுப் பொறவுதான் கதவுக்குப் போவுது. நான் படியில உக்காந்து எத்தனையோ நாளு பாத்திருக்கேன்."

"நாயா?" மதீனா பீவி கையை உதறினார். "அது நக்கினா ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு போட்டு. இந்தத் தாராவியில சுத்தமான மண்ணுக்கு நான் எங்க போவேன்?"

"ஒங்க வாசல் தாண்டாம நான் பாத்துக்கிடுதேன்."

"என் கோலிக்குள்ள வரப்படாது. என் துப்பட்டியில மூக்கு வைக்கப்படாது. அதுக்குச் சம்மதமுன்னா எத்தனை நாயி வேணும்னாலும் வச்சிக்கோ" என்றார் மதீனா பீவி.

வானமாமலையிடம் பூமாரி பேரம் பேசினாள். ஒரு சின்ன நாய் வாங்கித் தர வேண்டும். அது வந்தும் சரிப்படவில்லையென்றால் அவளே மூட்டையைக் கட்டிவிடுவாள். கல்லியில் இல்லாத நாயா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"தெருநாயி கல்லிக்குக் காவல்" என்றாள் அவள். "எனக்குக் காவலு வேண்டாம். வீட்டுக்குள்ள கூட இருக்கதுக்கு வேணும்."

கூட இருக்க நாய் வைத்துக்கொள்வது மலபார் ஹில் பணக்காரர்கள் சமாச்சாரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பத்தடிக் கோலியில் இருக்கிறவளுக்குத் துணை வேண்டும் என்று கேட்க என்ன பாத்தியதை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள்தான் முகம் படிக்கிறவளாயிற்றே, படித்துவிட்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு புருஷனோடு கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.

அங்கே நடந்த தவறு ஒரு தோல்காரரால் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

நாய் விற்கிறவன் இந்தியில் சொல்ல, வானமாமலை அவள் முகத்துக்கு நேராகத் திரும்பித் தமிழில் சொன்னார். "இந்த வெள்ளைச் சடை பாம் சாதியாம். சத்தம் சாஸ்தியாம், இலை அசைஞ்சாலும் குரைக்குமாம். இந்த நீட்ட ஒடம்பு, குட்டைக் காலு, இது டாஷாம். எலி பிடிக்குமாம், ஆனா கூப்பிட்டா அதுக்கு இஷ்டம் இருந்தாத்தான் வருமாம். இது லாசாவாம். அமைதியாம். வீட்டுக்கு லட்சணமாம்."

"எது ஆளைத் தேடி வருமுன்னு கேளுங்க."

அவர் அதைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போய்விட்டது. இருபது வருஷமாகப் பச்சைத்தோல் அளைந்த கை அவருடையது. எந்தச் சோப்புப் போட்டாலும் போகாத அந்த வாசனைக்குக் கூண்டில் இருந்த நாயெல்லாம் கம்பியில் மூக்கை வைத்து அழுத்தின. லாசா அவர் விரலை நக்கு நக்கென்று நக்கியது. அவருக்கு மனசு இளகிவிட்டது. வெளியே எடுக்கச் சொல்லி, மயிரை எதிர்வாகில் தள்ளி, கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டுப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் திருப்பினார். உண்ணி கடித்த பொட்டு ஒன்று இல்லை, ஒரு கீறல் இல்லை.

"முதல் தரம்" என்றார். "இப்படி ஒண்ணு ஆயிரத்துல கெடைக்காது."

"எனக்குப் பிடிக்கலை. அது என்னையப் பாக்கவே இல்லை."

"ஒனக்கு என்ன தெரியும்" என்று பணத்தை எடுத்துவிட்டார்.

லாசா எங்கள் கல்லிக்கு வந்தது. என்னைக் கேட்டால் அது நாயே இல்லை, ஜமீன்தார். காலையில் கண்ணை மறைக்கிற மயிருக்குள்ளிருந்து எங்களை ஒரு பார்வை பார்க்கும். பிறகு தூங்கும். கதவைத் தட்டினால் ஒரு காதைத் தூக்கும், யார் என்று தெரிந்துகொள்ளும், தெரிந்துகொண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். தண்ணீர் வந்தது, தூங்கியது. பால் பொங்கியது, நக்கியது. சாயந்தரம் வானமாமலை கிடங்கிலிருந்து வந்தால் மட்டும் வாலாட்டிக்கொண்டு கையை நக்கப் போகும். அதன் மேல் தப்பில்லை. அதன் குணம் அது. அமைதியான வீட்டில், கேட்கிற காதுகளோடு இருக்க வேண்டிய நாய்.

"பாத்தியா, சரிப்படலை" என்றார் வானமாமலை. குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "ஒன் தம்பிக்குச் சொல்லி அனுப்பட்டா?"

"சரிப்படாதது நாயில்லை. நீங்க பாத்த பார்வை" என்றாள் பூமாரி.

மறுநாள் இட்லி வியாபாரம் முடிந்ததும் லாசாவைக் கூடையில் வைத்துக்கொண்டு, மதீனா பீவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். ரயிலில் கூடைக்கும் மதீனா பீவிக்கும் நடுவில் நாலு பேர் உட்காருகிற இடம் காலியாக இருந்ததாம். அன்றைக்கு நடந்ததை மதீனா பீவி எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

நாய்க்காரன் மாற்றித் தர மாட்டேன் என்றானாம். பூமாரி அவன் கடை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். அவன் கத்தினான். கேட்காதவளிடம் கத்தி என்ன பிரயோஜனம். வந்த கிராக்கியெல்லாம் அவளைத் தாண்டிப் போக முடியாமல் திரும்பிப் போகவே, எடுத்துத் தொலை என்று இறங்கி வந்தான்.

அவள் மடியிலிருந்து இட்லிப் பானை மூடியை எடுத்துத் தரையில் போட்டாள். ஈய மூடி கல்லில் விழுந்து சுழன்று அடங்கியது. எல்லா நாயும் மூடியைப் பார்த்தன. இரண்டு குரைத்தன. டாஷ் மோந்து பார்க்க வந்தது. ஓரத்தில் தனியாகக் கட்டிக் கிடந்த ஒரு பாம், ஒரு காதின் நுனி கடிபட்டுப் போனது, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்து சொட்டையாய் இருந்தது. அதுவும் மூடியைப் பார்த்துக் குரைத்தது. பிறகு திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மூடியை. மறுபடியும் அவள் முகத்தை.

பூமாரி இன்னொரு தடவை போட்டாள். அது அப்படியே செய்தது.

"இது" என்றாள்.

நாய்க்காரன் சொன்னதை மதீனா பீவி எட்டி நின்றபடி, துப்பட்டியை விலக்கிச் சொன்னார். "அது விலை போகாத நாயாம் பூமாரி. ரெண்டு வீட்டுல திருப்பிக் குடுத்துட்டாங்களாம். ஆளை விடாதாம். ஒத்தையில விட்டா ஊளையிடுமாம். கக்கூஸுக்குப் போனாலும் கூடவே வந்து கதவைப் பிறாண்டுமாம்."

"பிறாண்டட்டும்."

"குரைச்சு உசிரை எடுக்குமாம்ளா."

"எனக்குக் கேக்கவா போவுது?" என்றாள் பூமாரி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாளாம். காது போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று மதீனா பீவி சொல்லுவார்.

வானமாமலை அந்தப் பாமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொட்டையைத் தடவினார். "முதல் தரத்தைக் குடுத்துட்டுக் கழிவை வாங்கிட்டு வந்திருக்கா" என்று என்னிடம் புலம்பினார். அவள் அதற்குச் சீனி என்று பெயர் வைத்தாள். சொட்டைக்கு வேப்பெண்ணெய் தடவினாள்.

சீனி அவளை விடவில்லை. மாவு ஆட்டினால் ஆட்டுரலுக்குப் பக்கத்தில், படுத்தால் கால்மாட்டில். கல்லியிலுள்ள பொதுக் கக்கூஸுக்கு அவள் போனால் தகரக் கதவைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும். வரிசையில் நிற்கிற பெண்களுக்கு அது பெரிய தமாஷ். அவளுக்கு வெட்கமில்லை. தண்ணீர் வருகிற ஒவ்வொரு தடவையும் அதைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இட்லித் துண்டு கொடுத்தாள். கதவை யாராவது தட்டினால் ஒரு துண்டு. ஸ்டவ் சீறினால் ஒரு துண்டு. மதீனா பீவிதான் வெளியிலிருந்து கதவைத் தட்டிக் கொடுக்கிற வாத்தியார், கையில் ஒரு நீளக் குச்சியோடு, நாயிடமிருந்து தூரம் காத்துக்கொண்டு.

குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று இரைகிற மெல்லிய சத்தம் ஒன்று உண்டு. எங்களுக்கெல்லாம் தண்ணீர் கொட்டினால்தான் கேட்கும். சீனிக்கு அந்தக் காற்றே கேட்டுவிடும். இட்லித் துண்டு ஞாபகம் வந்து குழாயடிக்கு ஓடலாம் என்றால், தனியாகப் போக அதன் குணம் விடாது. அவள் வர வேண்டும். அதனால் இரண்டு முன்னங்காலையும் அவள் முழங்காலில் போட்டுப் பிறாண்டும். இரண்டு வீடுகளில் திருப்பிக் கொடுத்தது எந்தக் குற்றத்துக்காகவோ, அதே குற்றத்தால் பூமாரி குழாயடியில் முதல் ஆளானாள். நாங்கள் வாளியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் நிறைகுடத்தோடு எதிரே வருவாள். என் பெண்டாட்டி அதற்காகவே அந்த நாயை வெறுத்தாள்.

வானமாமலை ஒரு சாயந்தரம் முதல் தரத் தோலில் வெட்டின வார் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். அதை நாயின் கழுத்திலும் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள். பின்னால் வண்டி வந்தால் சீனி பயந்து அவள் காலுக்குள் ஒதுங்கும், வார் இழுபடும், அவளும் சுவரோரம் ஒதுங்குவாள். நாயோடு வந்தால் இட்லி வேண்டாம் என்று ஒரு பில்டிங்கில் சொல்லிவிட்டார்கள். அவள் பார்சிக் கிழவி பில்டிங்குக்கு அடுத்ததாக வேறொன்று பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் சரி. குரைப்புத்தான் தாங்க முடியவில்லை. எலிக்குக் குரைத்தது, காக்கைக்குக் குரைத்தது, என் மெஷினுக்குக் குரைத்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. எங்கள் கல்லிக் கமிட்டிக்குத் தலைவர் பூலோகம். மில் வேலைநிறுத்தத்தில் வேலை போய், ராத்திரி வாட்ச்மேனாகப் போகிறவர். பகலில் தூங்கினால்தான் உண்டு. சிவந்த கண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுவிட்டார். எங்கேயோ பைப் உடைந்து இரண்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. எல்லோருக்கும் நாக்கு வறண்டு கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

என் வாசலில்தான் கூட்டம். பூமாரி சீனியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"நாயி போவணும்" என்றார் பூலோகம். "தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா. நானும் மனுசன்தானே?"

பூலோகம் சொன்னது நியாயம்தான். சிலர் தலையாட்டினார்கள். வானமாமலை மீசையைத் தடவுகிற மாதிரி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பூலோகத்திடம் மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் பொறுத்துக்கிடும் அண்ணாச்சி. அவ தம்பி வாரதா இருக்கான். வந்தா அவளையும் நாயையும் சேத்து அனுப்பிருதேன்."

"மீசையில இருந்து கையை எடுத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் பூமாரி.

அவர் கை அப்படியே நின்றது.

"எடுங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு எனக்கு முன்னாலயே எத்தனை பேரு என்ன பேசுனீங்கன்னு எனக்குத் தெரியும். காதுதான் போச்சு, கண்ணு போவலை. செவிடு செவிடுன்னு பைப்படியில சிரிச்சதும் தெரியும். ஊருக்கு அனுப்பிட்டா இந்தக் கோலியில பாதியை வாடகைக்கு விடலாமுன்னு சுனாபட்டி மருமகன் சொன்னதும் தெரியும். அப்ப நீங்க இல்லைன்னு சொல்லலை." அவளுக்குத் தன் குரல் தெரியாது. அடுத்த கல்லிக்குக் கேட்கிற மாதிரிப் பேசினாள். "பூலோகம் அண்ணாச்சி, நீங்க சொல்லுதது நியாயம். மத்தியானம் நீங்க ஒறங்குத நேரம் இதைக் கூட்டிக்கிட்டுச் சயான் பக்கம் போயிருதேன். அதை நான் செய்யுதேன். நாயை விடுன்னு சொல்லாதீங்க. விட மாட்டேன். நானும் போவ மாட்டேன். இந்தக் கல்லியில எனக்கு முன்னால நின்னு என் மூஞ்சியைப் பாத்துப் பேசுததுக்கு மதீனா மைனியையும் இதையும் விட்டா வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

மதீனா பீவி தன் வாசற்படியில் நின்று துப்பட்டியால் மூக்கைத் துடைத்தார். பூலோகம் எதற்கோ வாயைத் திறந்தார்.

அந்த நேரம் சீனி மடியிலிருந்து குதித்தது. ஒரு நொடி கழுத்தைச் சாய்த்து நின்றது. திரும்பி வந்து இரண்டு காலையும் அவள் முழங்காலில் போட்டுப் பிறாண்டியது.

பூமாரி அதன் முகத்தைப் பார்த்தாள். எழுந்தாள். பேச்சை நடுவில் விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டுக்குள் போய் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்து நிமிர்ந்த பிறகுதான் குழாய் இருமியது, துரு கலந்த தண்ணீர் பீய்ச்சியது, பிறகு வெள்ளையாகக் கொட்டியது.

கூட்டம் கலைந்து வாளிகளுக்கு ஓடியது. நானும் ஓடினேன். திரும்பி வரும்போது அவளுக்குப் பின்னால் பூலோகம் கையில் வாளியோடு நின்றார், அவருக்குப் பின்னால் நான். வானமாமலை வரிசைக்கு வெளியே வெறுங்கையோடு வந்து, அவளுக்கு நேராக, உதடு தெரிகிற மாதிரி நின்றார்.

"ஒன் தம்பியை வர வேண்டாமுன்னு சொல்லிருதேன்" என்றார்.

"வரட்டும். வந்து பாத்துட்டுப் போவட்டும். இந்தக் குடத்தைத் தூக்குங்க."

அவர் தூக்கிக்கொண்டார். அவள் சேலை முந்தியில் முடிந்திருந்த இட்லித் துண்டை அவிழ்த்துச் சீனிக்குப் போட்டாள். அது தின்றுவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்து விடாமல் குரைத்தது. பூலோகம் பொறுக்க முடியாமல் வாளியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அவள் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"வரிசையில நில்லுங்க அண்ணாச்சி" என்றாள் சத்தமாக. "எனக்கு இன்னும் ஒரு குடம் இருக்கு."